வெப்பமானியுள் இருந்த இரசம்



காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி கைதவறி வீழ்ந்து உடைந்தால், வெள்ளி மணிகள்போல் நிலத்தில் உருண்டோடும் இரசத்தைப் பொறுக்கி விளையாடாத பிள்ளைகள் எங்கள் காலத்தில் அரியர். நானும் விளையாடியவனே. செப்புக் காசில் அதனைத் தேய்த்து வெள்ளிக் காசாக்கி மகிழ்ந்ததுண்டு. பெரியோர் கண்டித்ததெல்லாம் உடைந்த கண்ணாடிக்காகவே. இரசத்துக்காக ஒருவரும் கண்டித்திலர். இவ்வறியாமை எங்கள் வீட்டுக்கு மாத்திரம் உரியதன்று.

1714 ஆம் ஆண்டில், ஒல்லாந்தில் வாழ்ந்த பரனைற் என்பவர் இரசத்தைக் கண்ணாடிக் குழாயுள் அடைத்து, நம்பத்தக்க வெப்பமானியை ஆக்கினார். அது நோயாளியின் படுக்கையருகே வந்து சேர நூற்றைம்பது ஆண்டு சென்றது. ஏறத்தாழ ஓரடி நீளமான கருவியை இருபது நிமிடம் வைத்திருக்க எந்த நோயாளி பொறுப்பான்? 1867 இல் ஓல்பற் என்னும் ஆங்கில மருத்துவர், ஐந்தே நிமிடத்தில் வெப்பங் காட்டும் ஆறங்குலக் கருவியை அமைத்தார். அதன் பின்னரே வெப்பமானி வீடுகளுட் புகுந்தது. ஏறத்தாழ ஒரு கிராம் இரசமும் உடன் புகுந்தது.

இரசத்தின் கொடுமையை அக்காலத்தவர் அறியாதவரல்லர். 1700 இலேயே இத்தாலிய மருத்துவர் இரமசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றிய தமது நூலில், வெனிசு நகரில் முகக்கண்ணாடிக்கு இரசம் பூசுவோர் படும் துன்பத்தை எழுதிவைத்தார். ‘இரசம் போன கண்ணாடி’ என்று நாம் இன்றும் சொல்வது அத்தொழிலை நினைவூட்டுவதாகும். ஆயினும் அது தொழிலாளியின் நோய், மற்றையோரை அணுகாது என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

அவ்வெண்ணத்தைத் தகர்த்தவர் அல்பிரெட் ஸ்டொக் என்னும் ஜேர்மன் இரசாயன அறிஞர். இரசம் நிரம்பிய கருவிகளோடு பல்லாண்டு ஆய்வுகூடத்தில் உழைத்தவர் அவர். தலைவலியும் தலைச்சுற்றும் அவரை விடாது பற்றின. நினைவாற்றல் தளர்ந்தது, பெயர்களும் எண்களும் மனத்தில் நில்லாது நழுவின. மருத்துவர் பலரிடம் சென்றும் காரணம் புலப்படவில்லை. உடன் உழைத்தோரும் அவ்வாறே நலிந்தனர். சிந்திய இரசம் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகி, அதனையே தாம் நாள்தோறும் சுவாசித்து வந்தமை 1924 இலேதான் வெளிப்பட்டது. தாம் பட்டதை மறையாது 1926 இல் கட்டுரையாக வெளியிட்டு, ஏனைய ஆய்வாளரை எச்சரித்தார். தம் நினைவு குன்றியதைத் தாமே உலகறியச் சொல்ல எத்துணை அறிஞர் துணிவர்?

இரச ஆவிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. விழுங்கிய இரசத் துளியின் மிகப் பெரும் பகுதி குடலிலே தங்காது வெளியேறிவிடும். ஆனால் சுவாசித்த ஆவியில் ஐந்தில் நான்கு பங்கு உடலிற் சேர்ந்துவிடும். ஒரு வெப்பமானி உடைந்ததனால் வீட்டாருக்குப் பெருங்கேடு நேர்வது அரிது. எனினும், காற்றோட்டமற்ற சிற்றறையில், பாயின் இடுக்கிலோ தரைவெடிப்பிலோ தங்கிய துளிகள் நெடுநாள் ஆவியாகிக்கொண்டேயிருக்கும். நிலத்தோடு ஒட்டி விளையாடும் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் அது தகாது.

ஆகவே துடைப்பத்தைத் தொடாதீர்கள். அது ஒரு துளியை நூறாக்கும். தூசி உறிஞ்சும் இயந்திரம் அதனினுந் தீது. இரசத்தைச் சூடாக்கி ஆவியை அறையெங்கும் பரப்பும். பிள்ளைகளை வெளியேற்றி, சன்னல்களைத் திறந்து, தடித்த காகிதத்தால் துளிகளை ஒன்றுசேர்த்து, இறுக மூடும் போத்தலில் இடுங்கள். எஞ்சிய நுண்டுளிகளை ஒட்டுநாடாவால் ஒற்றியெடுக்கலாம். வடிகாலில் ஊற்றுவது கூடாது. நீர்நிலையிற் சேர்ந்த இரசம் நுண்ணுயிர்களால் வேறொரு கொடிய நஞ்சாகி மீன்களில் ஏறும். யப்பானின் மினமாற்றாக் குடாவில் தொழிற்சாலைக் கழிவோடு கலந்து மீனுண்டோரை வாட்டியது அந்நஞ்சே. அந்நோய் 1956 இல் கண்டறியப்பட்டது.

அவ்வூரின் பெயரைத் தாங்கிய சருவதேச உடன்படிக்கை 2013 இல் ஏற்கப்பட்டது. இரச வெப்பமானிகளை ஆக்குதலையும் ஏற்றியிறக்குதலையும் நிறுத்த அது குறித்த ஆண்டு 2020. கடைகளில் இப்போது இலக்கங் காட்டும் மின் வெப்பமானிகளே பெரிதும் கிடைக்கின்றன. எங்கள் பாடசாலை ஆய்வுகூட அலுமாரியிலோ, பஞ்சு சுற்றிய பெட்டியொன்றில், பழையவை இரண்டு இன்னும் உடையாமல் இருக்கின்றன.