மூளை இரத்தக்கசிவுக்குப் பின் ஸ்டேட்டின் சிகிச்சை

மூளை இரத்தக்கசிவுக்குப் பின் ஸ்டேட்டின் சிகிச்சை என்பது, மூளைக்குள் இரத்தக்குழாய் வெடித்துப் பக்கவாதம் ஏற்பட்டவருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மருந்துகளைத் தொடர்வதா, நிறுத்துவதா என்னும் மருத்துவச் சிக்கலாகும். குழாய் அடைபட்டு வரும் பக்கவாதத்தில் இக்கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை.

பின்னணி

ஸ்டேட்டின்கள் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாகத் தேவையான நொதி ஒன்றைத் தடுக்கின்றன. இவ்வகையின் முதல் மூலக்கூறை ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையிலிருந்து கண்டறிந்தார். 1987 இல் லோவாஸ்டேட்டின் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மாரடைப்பைத் தடுப்பதில் இவற்றின் பயன் ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் கொலஸ்ட்ரால் மிகக் குறைவாக உள்ளோரிடம் மூளை இரத்தக்கசிவு சற்று மிகுதியாகக் காணப்படுவதைச் சில மக்கள்தொகை ஆய்வுகள் முன்பே காட்டியிருந்தன.

ஸ்பார்க்கிள் சோதனை

2006 இல் வெளியான இச்சோதனையே விவாதத்தின் மையம். பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ கண்ட 4,731 பேரில் ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டேட்டினும், மறு பாதியினருக்குப் போலி மாத்திரையும் தரப்பட்டன. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் அடைப்புப் பக்கவாதம் மருந்துக் குழுவில் 218 பேருக்கும், மறு குழுவில் 274 பேருக்கும் வந்தது. இரத்தக்கசிவோ முறையே 55, 33 பேருக்கு ஏற்பட்டது. மொத்தக் கணக்கில் மருந்தே வென்றது. எனினும் சோதனையில் சேர்ந்தோருள் முன்பே இரத்தக்கசிவு கண்டவர்கள் சுமார் 2 விழுக்காட்டினரே. ஆகவே அத்தகையோருக்கு இந்த மொத்தக் கணக்கை அப்படியே பொருத்த இயலாது.

கசிவின் இடம்

மூளையின் ஆழ்பகுதியில் நிகழும் கசிவு பெரும்பாலும் உயர் இரத்த அழுத்தத்தால் வருவது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் மீண்டும் வரும் வாய்ப்பு குறைகிறது. மூளையின் புறப்பகுதி மடல்களில் நிகழும் கசிவுக்கு, முதியோரிடம், குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்னும் புரதம் படிவது முக்கியக் காரணம். இது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். 2011 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கணித மாதிரி, குறிப்பாக மடல் கசிவு கண்டோருக்கு ஸ்டேட்டினைத் தவிர்ப்பதே நன்று என்றது. மாதிரியின் விடை அதில் இடப்படும் அனுமானங்களைப் பொறுத்தது என்பதும் கருதத்தக்கது. இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவருக்குத் தராசு மறுபுறம் சாயக்கூடும்.

மருந்தை நிறுத்துதல்

மருத்துவமனையில் ஸ்டேட்டினைத் தொடர்ந்தோர் கூடுதலாக உயிர் பிழைத்ததாகப் பதிவேட்டு ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் விழுங்க இயலாத, கவலைக்கிடமான நோயாளிகளுக்கே மாத்திரை முதலில் நிறுத்தப்படுகிறது. எனவே இவ்வேறுபாடு மருந்தால் வந்ததா, நோயின் கடுமையால் வந்ததா எனப் பிரித்தறிவது கடினம்.

வழிகாட்டுதல்கள்

அமெரிக்க இதயச் சங்கம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்நோயாளிகளிடம் நன்மை, தீமைகளின் சமநிலை தெளிவாகவில்லை என்றே குறிப்பிடுகிறது. சாட்டர்ன் என்னும் சோதனை இவ்வினாவிற்காகவே வடிவமைக்கப்பட்டது. ஸ்டேட்டின் உட்கொண்டிருக்கையில் மடல் கசிவு கண்டவர்களைத் தொடர்வோர், நிறுத்துவோர் எனக் குலுக்கல் முறையில் பிரித்து, மீண்டும் கசிவு வருகிறதா என்று இரண்டாண்டுகள் கண்காணிப்பது அதன் முறையாகும்.