ஸமாலிக்கின் அரண்மனை

மிஸ்ரின் தலைநகராம் கெய்ரோவில், நைல் நதியின் நடுவே ஜஸீராத் தீவு கிடக்கிறது. (ஜஸீரா என்ற சொல்லுக்கே தீவு என்றுதான் பொருள், வழக்கை மாற்ற நம்மாலாகாது.) அதன் வடபகுதியே செல்வர் வாழும் ஸமாலிக். அல்அஸ்ஹரையும் பிரமிடுகளையும் கண்டு களைத்தோர் அதன் மரநிழல் வீதிகளில் மாலையில் உலவி இளைப்பாறுவர்.

அங்கே பெரும் விடுதியொன்றின் நடுக்கட்டடமாக விளங்கும் அரண்மனையின் முன் நாம் சற்று நிற்க வேண்டும். 1869இல் சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்கு வந்த விருந்தினருக்கென அதனை எழுப்பியவர் கதீவ் இஸ்மாயீல். பிரெஞ்சுப் பேரரசி யூஜீனி தங்கியது அங்கேதான். விருந்து முடிந்தது, கடன் முடியவில்லை. 1875இல் கதீவின் கால்வாய்ப் பங்குகளைப் பிரிட்டன் சுமார் 40 இலட்சம் பவுனுக்கு வாங்கிக்கொண்டது. 1879இல் அவர் பதவியிழந்தார். 1882இல் ஆங்கிலப் படை நாட்டையே பிடித்துக்கொண்டது.

அதே ஆண்டில், அரண்மனையை அடுத்த தோட்ட நிலத்தில் ஆங்கிலப் படையினருக்கென ஒரு விளையாட்டுக் கழகம் தோன்றியது. போலோ, குதிரைப் பந்தயம், கோல்ஃப் என அவர்களது பொழுது இனிதே கழிந்தது. நிலத்துக்கு உரியவர்களோ வேலிக்கு வெளியே நின்றனர்! 1952ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னரே அக்கழக நிலத்தில் ஒரு பகுதி பிரிக்கப்பட்டுப் பொதுமக்களின் இளைஞர் மையமாயிற்று.

தீவில் 1961இல் திறக்கப்பட்ட கெய்ரோ கோபுரத்தின் உயரம் 187 மீட்டர். அதன் உச்சியில் நின்றால் கழகத்தின் பசும்புல் திடலும், அதனை அடுத்த இளைஞர் மையமும் ஒரே பார்வையில் தெரியும்.