ஃபோவின் வயது

வியட்நாம் போகிறவர்கள் ஹனோயில் இறங்கியதும் தேடுவது ஃபோ. மாட்டெலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்த சாறு, அரிசி நூடுல்ஸ், மேலே மெல்லிய இறைச்சித் துண்டுகள். பயண நூல்கள் இதைத் தொன்மையான உணவு என்கின்றன. ஆனால் இதற்கு நூற்றிருபது வயது இருந்தாலே அதிகம். வியட்நாம் உழவனுக்கு மாடு ஏர் இழுக்கும் துணை; அதை அடித்துச் சாப்பிடுவது அரிது. 1880களில் வடக்கைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் மாட்டிறைச்சிக்குச் சந்தை உண்டாக்கினார்கள். நல்ல கறி அவர்கள் மேசைக்குப் போக, எலும்பு மலிவாகக் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாம் தின் வட்டாரத்திலும் ஹனோயிலும், காவடியின் ஒருபுறம் கொதிக்கும் பானையும் மறுபுறம் கிண்ணங்களுமாகத் தெருத்தெருவாக நடந்த வியாபாரிகள் அந்த எலும்பைக் காசாக்கினார்கள்.

அப்படியென்றால் இது பிரெஞ்சு உணவுதானே என்று கேட்பவர்கள் உண்டு. சீனர்களின் மாட்டிறைச்சி நூடுல்ஸ்தான் மூலம் என்று வாதாடும் கட்சியும் இருக்கிறது. இரண்டிலும் உண்மை கொஞ்சம் இருக்கலாம். வெங்காயத்தைச் சுட்டுச் சாற்றில் போடுவது பிரெஞ்சுச் சமையலிலும் உள்ள பழக்கம். அன்னாசிப்பூவும் பட்டையும் சீனச் சமையலின் வாசனை. இருந்தும் மீன்சாறு ஊற்றி, ஈர அரிசி நூடுல்ஸோடு இவற்றைச் சேர்த்தவர்கள் வியட்நாமியர்கள். சரக்கு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்து ஊரைத் தீர்மானித்தால், மிளகாய் போட்ட எந்தக் குழம்பும் நம்முடையது ஆகாது.

பிறந்த பிறகும் ஃபோ ஒரே மாதிரி இருக்கவில்லை. அதை மாற்றியது பெரும்பாலும் பஞ்சமும் அரசியலும்தான். எழுத்தாளர் ங்குயென் துவான் 1957இல் ஃபோவைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் மாட்டிறைச்சியே விதி என்று நின்றார். நாடு சோஷலிசம் கட்டும் நேரத்தில் தீனியைப் பற்றி எழுதுவதா என்று அவருக்குக் கண்டனம் வந்தது. பின்னர் போரும் பங்கீடும் வந்தன. அரசுக் கடைகளில் இறைச்சியே இல்லாத கிண்ணம் விற்றது. அமெரிக்காவின் ஆளில்லா உளவு விமானங்களை நினைத்து ஹனோய்வாசிகள் அதற்கு ‘விமானி இல்லாத ஃபோ’ என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பே, 1954இல் நாடு பிரிந்தபோது, லட்சக்கணக்கான வடக்கத்தியர் தெற்கே போயிருந்தார்கள். அவர்களோடு போன ஃபோ சைகோனில் முளைப்பயறும் துளசியும் இனிப்புச் சாஸும் சேர்த்துக்கொண்டது. ஹனோய்க்காரர் இதைப் பார்த்து முகம் சுளிப்பார். ஆக, ‘அசல்’ கிண்ணத்தைத் தேடுகிற பயணி எந்த ஆண்டின் கிண்ணம் தனக்கு வேண்டும் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

உண்மையிலேயே பழைய உணவுகள் இல்லையா என்றால், இருக்கின்றன. ஒட்டரிசியும் பாசிப்பருப்பும் பன்றிக்கறியும் இலையில் பொதிந்து வேகவைக்கும் பான் சுங் அப்படிப்பட்டது. ஆனால் அது புத்தாண்டுக்கு வீட்டில் செய்து முன்னோருக்குப் படைப்பது. உணவகம் என்பது நகரத்தோடு வளர்ந்த ஏற்பாடு. வெளியே சாப்பிடுகிறவன் சந்திப்பது பெரும்பாலும் நகரம் உண்டாக்கிய உணவைத்தான். சைகோனின் ‘கா ரி’யும் அந்த வகை: கோழி, தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளி, எலுமிச்சைப்புல், தொட்டுச் சாப்பிடப் பிரெஞ்சு ரொட்டி. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். அந்நகரில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அந்தக் கறியில் அவர்கள் கை இருந்திருக்கும் என்று நம்ப இடமுண்டு. ஆனால் பக்கத்தில் கம்போடியச் சமையலும் இருந்தது, முழுப் பெருமையையும் நாமே எடுத்துக்கொள்ள முடியாது.

2024 ஆகஸ்டில் வியட்நாம் அரசு ஹனோய் ஃபோவையும் நாம் தின் ஃபோவையும் தேசிய மரபுப் பட்டியலில் தனித்தனியாகச் சேர்த்தது. எது மூத்தது என்று தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு ஊர்க் கைப்பக்குவத்தையும் ஏற்றுக்கொண்டது எனக்குச் சரியாகவே படுகிறது. சைகோன் ஃபோவுக்கு அப்போது இடம் கிடைக்கவில்லை. 1975க்குப் பின் அகதிகள் கலிஃபோர்னியாவுக்கும் பாரிஸுக்கும் கொண்டுபோனதும், உலகம் இன்று பெரும்பாலும் ஃபோ என்று சாப்பிடுவதும் அந்தத் தெற்கத்திக் கிண்ணத்தைத்தான்.