இயற்கை மௌத்துக்கு எதற்கு விசாரணை? 1809இலும் இதே கேள்விதான்

இறக்கக்கண்டியில் ஒருவர் திடீரென மௌத்தானால், மையித்தைக் குளிப்பாட்டும் முன்பே நம்மில் யாராவது கேட்டுவிடுவோம்: "அல்லாஹ் எடுத்த உயிருக்கு மரண விசாரணை அதிகாரி எதற்கு?" ஜனாஸாவை நேரத்தோடு அடக்க வேண்டுமே என்ற அவசரம் அது. ஜோர்ஜ் மன்னர்கள் காலத்து இங்கிலாந்தில் ஒரு தலைமை நீதிபதியே ஏறக்குறைய இதைக் கேட்டிருக்கிறார்.

அங்கே அந்த அதிகாரிக்குப் பெயர் கொரோனர். திடீர் மரணம் என்று தகவல் வந்தால் ஊர் ஆண்களை ஜூரிகளாகக் கூட்டுவார். தீர்ப்புக்குக் குறைந்தது 12 பேர் ஒத்துப்போக வேண்டும். உடலைக் கண்ணால் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு செல்லாது. அவர் வருமுன் அடக்கிவிட்டால் தோண்டி எடுக்கச் சொல்லலாம், ஊருக்குத் தண்டமும் விழும். விசாரணை பெரும்பாலும் சாராயக் கடையில்தான் நடந்தது. அத்தனை பேர் கூட வேறு இடம் இல்லையாம். (பள்ளிவாசல் உள்ள நாம் பாக்கியசாலிகள்.) காயமோ நஞ்சோ இல்லையென்றால், கடவுள் வந்து அழைத்துக்கொண்டார் என்ற பொருளில் எழுதி முடிப்பார்கள். நாம் இறைவனின் நாட்டம் என்கிறோமே, அதுதான்.

சிக்கல் காசில் தொடங்கியது. 1752ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு விசாரணைக்கு 20 ஷில்லிங்கும், பயணத்துக்கு மைலுக்கு 9 பென்சும் கொடுத்தது. ஆனால் 'முறையாக' நடந்த விசாரணைக்கு மட்டும். கணக்கைப் பார்க்கும் நீதவான்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, இயற்கை மரணம் என்று முடிந்தவற்றுக்குக் காசு தர மறுத்தார்கள்.

1809இல் கென்ட் மாவட்ட நீதவான்கள் அப்படி மறுத்தது வழக்காகி மேல் நீதிமன்றம் போனது. தலைமை நீதிபதி எலன்பரோ பிரபு நீதவான்கள் பக்கம் நின்றார். சந்தேகமே இல்லாத சாவு வீடுகளில் கொரோனர்கள் புகுந்து குடும்பத்தாரை நோகடிப்பது சட்டவிரோதம் என்று கடுமையாகவே சொன்னார். அப்போது திருகோணமலை பிரித்தானியர் கைக்கு வந்து 14 வருடம். டவுனில் நாம் பார்க்கும் கோட்டைக்கு மூன்றாம் ஜோர்ஜின் மகன் பிரெட்ரிக்கின் பெயரையும் வைத்தாயிற்று.

எலன்பரோ சொன்னதில் நியாயம் உண்டு. இருந்தும் நமக்கு அது முழுதாகச் செரிக்கவில்லை. பார்க்கும் முன்பே இயற்கை மரணம் என்று யாருக்குத் தெரியும்? வீட்டார் சொல்வார்கள். வீட்டாரே காரணமாக இருந்தால்? வேலைக்கு நின்ற பிள்ளைக்கும், கவனிப்பாரில்லாமல் கிடந்த கிழவிக்கும் பேச அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? காசு வராது என்று தெரிந்த கொரோனர் அந்த வாசலுக்கு எதற்கு மைல் கணக்கில் போகப்போகிறார்?

ஓரிடத்தில் மட்டும் அன்றைய சட்டம் விட்டுக்கொடுக்கவில்லை. அது சிறை. கைதி காய்ச்சலில் இறந்தாலும் விசாரணை கட்டாயம். நமது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்திலும் அது இருக்கிறது. பொலிஸ் காவலிலோ சிறையிலோ ஒருவர் இறந்தால், காரணம் எதுவானாலும் நீதவான் உடலைப் பார்த்து விசாரிக்க வேண்டும்.

வெளியே நடக்கும் திடீர் மரணமும் காரணம் தெரியாத மரணமும் மரண விசாரணை அதிகாரியின் பொறுப்பு. அவர் வந்ததும் சத்தம் போடாமல், மௌத்தானவரின் கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டுகளையும் முதலில் அவர் கையில் கொடுங்கள்.