1801 டிசம்பரும் என் ஏர் ரைஃபிளும்

காரைக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு முதல் துப்பாக்கி பெரும்பாலும் திருவிழாக் கடைத் துப்பாக்கிதான். பலகையில் வரிசையாகப் பலூன் கட்டி, குறிமுள் லேசாக வளைந்த ஏர்கன் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். எவ்வளவு கூர்ந்து பார்த்துச் சுட்டாலும் குண்டு பக்கத்துப் பலூனுக்குத்தான் போகும். நிஜத் துப்பாக்கி பார்க்க வேண்டுமென்றால் பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் முன்னாள் ராணுவக்காரரிடம் பார்க்கலாம். இன்னொரு இடமும் உண்டு, கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் சிலவற்றின் முகப்பு உச்சியில் லட்சுமியும், துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாயும் சுதையில் நிற்பார்கள். செல்வத்துக்கு ஒரு தெய்வம், காவலுக்கு ஒரு துரை.

நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள். வாரம் முழுக்க ஸ்கிரீனைப் பார்க்கிற கண்ணுக்கு சனி, ஞாயிறு இரண்டு மணி நேரம் ஒரே புள்ளியைப் பார்ப்பது எப்படி ஓய்வாகும் என்று கேட்காதீர்கள், ஆகிறது. அந்தப் புள்ளி, அதாவது பத்து மதிப்பெண் வட்டம், அரை மில்லிமீட்டர்தான். சுடுகிற பெல்லட் 4.5 மில்லிமீட்டர். குறியைவிடக் குண்டு ஒன்பது மடங்கு அகலம். போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டும். எனக்கு இருபதுக்கே தோள் விட்டுப்போகிறது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை அழுத்துகிறோம் என்பதே தெரியாமல் அழுத்த வேண்டும். முடிந்ததும் ஈயம் பட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீ.

வீட்டில் எதிர்பார்த்த மாதிரியே. "புள்ளைக இருக்கிற வீட்டுல அது எதுக்குப்பா?" என்றார் அம்மா. "யாரைடா சுடப் போறே?" என்று சித்தப்பா. ஆபீசில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "லைசென்ஸ் வேணாமா?"

வேண்டாம் என்பதுதான் பதில். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல், இந்த இரண்டுக்குள் அடங்கும் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அரை கிராம் பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போனால் கணக்கு ஏழே கால் ஜூல் பக்கம்தான் வருகிறது. ஆனால் அடுத்த படியான பாயிண்ட் 22 ரைஃபிளை வாங்க நினைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பம், காவல் நிலைய அறிக்கை, எதற்காகத் தேவை என்ற கேள்விக்குப் பதில் எல்லாம் வேண்டும். அந்தப் படிவத்தைப் படித்த அன்றுதான் ஒரு சந்தேகம் வந்தது. நம்ம ஊரில் ஆயுதம் வைத்திருக்க அனுமதி கேட்கும் வழக்கம் எப்போது வந்தது? அந்தத் தேடலில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

தேடல் நேராகக் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறுவயலில் போய் நின்றது. சின்ன மருது அங்கேதான் குடியிருந்தார். 1795 பிப்ரவரியில் அவரைப் பார்க்க ஒரு வெள்ளைக்கார இளைஞன் வந்தான். பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். கம்பெனியின் சென்னைப் படையில் இளம் அதிகாரி, வயது இருபது பக்கம், மதுரையில் வேலை. வழியில் எதேச்சையாக எட்டிப் பார்த்தவன் நண்பனாகிவிட்டான். 1830-ல் லண்டனில் வெளியான தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். சின்ன மருதுவின் மாளிகையில் ஒரு காவலாளிகூட இல்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வரலாம். மதுரைக்கு நல்ல அரிசியும் பழங்களும் அனுப்பிவைப்பார். தோல் சொரசொரப்பான ஒரு ஆரஞ்சுப் பழத்தை வெல்ஷ் முப்பத்தைந்து வருஷம் கழித்தும் மறக்கவில்லை, அப்படி ஒரு இனிப்பு.

அண்ணன் பெரிய மருதுவுக்கு ஆட்சி அலுவல் கிடையாது. வேட்டைதான் வாழ்க்கை. தஞ்சாவூர், திருச்சி, மதுரை வெள்ளைக்காரர்களுக்கு வேட்டைக் கறி வேண்டுமானாலும், வேட்டைக்குத் துணை வேண்டுமானாலும் சொல்லி அனுப்புவது அவருக்குத்தான். வெள்ளி ரூபாயை விரலாலேயே வளைத்துவிடுவார் என்று ஒரு பேச்சும் இருந்ததாம். இன்றைய மொழியில் சொன்னால், இந்தச் சீமையின் முதல் முழுநேர 'ஹாபியிஸ்ட்' அவர்தான் என்பது என் கட்சி.

எனக்கு மிக நெருக்கமாகப் பட்டது வேறொரு செய்தி. வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. தேர்ந்த கையில் வளரி நூறு கஜத்துக்குள் எந்தக் குறியையும் தப்பாமல் அடிக்கும் என்று வெல்ஷ் எழுதுகிறார். நூறு கஜம் என்றால் 91 மீட்டர். நான் பத்து மீட்டரில் வியர்த்துக்கொண்டிருக்கிறேன்! அந்த இளைஞனும் என்னைப் போல ஒரு புது ஆர்வலன்தான். தோள் வலித்திருக்கும், முதல் பத்து வீச்சு எங்கேயோ போயிருக்கும், குருநாதர் சிரித்திருப்பார்.

ஆறே வருஷம். 1801-ல் அதே வெல்ஷ் கர்னல் அக்னியூவின் படையோடு சிறுவயலுக்கு வந்தார். எதிரி கையில் போகக் கூடாது என்று சின்ன மருது ஊருக்குத் தானே தீ வைத்துவிட்டார். காட்டை வெட்டிக் காளையார்கோவிலுக்குப் பாதை போட கம்பெனிப் படை ஒரு மாதம் முயன்று, முடியாமல் விட்டது. அக்டோபர் 1-ல் பல பக்கமிருந்தும் புகுந்து காளையார்கோவிலைப் பிடித்தார்கள். அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் அண்ணன் தம்பி இருவருக்கும் தூக்கு. தனக்குக் குறிபார்க்கக் கற்றுக்கொடுத்தவரைக் காட்டு மிருகம் போலத் துரத்தியதையும், அவர் தொடை எலும்பு முறிந்து சிறையில் கிடந்ததையும், கடைசியில் தூக்கில் தொங்கியதையும் வெல்ஷ் எழுதுகிறார். அந்தப் பக்கத்தை நிதானமாகப் படிக்க முடியவில்லை. சின்ன மருதுவின் மகன் துரைசாமியை, இளம் பையனை, பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். 1818-ல் பினாங்கில் வெல்ஷின் முன்னால் ஒரு மெலிந்த, உருக்குலைந்த மனிதர் வந்து நின்று தன் பெயரைச் சொன்னார். துரைசாமி. வெல்ஷால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அல்லது செய்யவில்லை.

போர் முடிந்து ஐந்து வாரத்தில், 1801 டிசம்பர் 1-ல், சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார் (பிளாசி கிளைவின் மகன்). பாளையக்காரர்களும் சேர்வைக்காரர்களும் தென்சீமைக் குடிகளும் இனி ஆயுதம் பயன்படுத்துவது அடியோடு நிறுத்தப்படும். கம்பெனி அரசு அனுமதிக்கும் ஆயுதம் மட்டும் விதிவிலக்கு. என் கேள்விக்கான விடை அந்த விதிவிலக்கில்தான் இருக்கிறது. நான் படித்த விண்ணப்பப் படிவத்தின் கொள்ளுத்தாத்தா அந்த ஒரு வரி. தடை என்பதைவிட 'நான் அனுமதித்தால் மட்டும்' என்பதுதான் அதில் புதுசு.

அனுமதி யாருக்குப் போனது என்று பார்த்தால் கதை தெளிவாகிவிடும். சிவகங்கையில் கம்பெனி தனக்கு வேண்டிய ஜமீன்தாரை உட்கார வைத்தது. கம்பெனி பக்கம் நின்ற புதுக்கோட்டைத் தொண்டைமான் தனி அரசராகவே 1948 வரை நீடித்தது அந்த வம்சம். குடகில் இன்னும் சுவாரசியம். அங்கே கொடவர்களுக்கு 1861-லேயே ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு. சுதந்திர இந்தியாவும் அதைத் தொடர்கிறது, 2019-ல் நீட்டித்த உத்தரவு 2029 வரை செல்லும். வருஷா வருஷம் கைல்போல்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். நம்ம ஆயுத பூஜையில் நான் பொட்டு வைப்பது லேப்டாப்புக்கு. 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் நாடு முழுக்க இந்தியர்களை உரிமம் கேட்க வைத்து, ஐரோப்பியர்களை விட்டுவிட்டது. ஆக, விசுவாசமும் தோல் நிறமும்தான் தகுதிச் சான்று.

டெக்ஸாஸில் இருக்கும் என் கூட வேலை பார்த்த நண்பன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, "அதனாலதான் எங்க ஊர்ல செகண்ட் அமெண்ட்மெண்ட்" என்றான். ஆண்டுகளைப் பாருங்கள். அமெரிக்காவில் ஆயுதம் தாங்கும் உரிமை அரசியலமைப்பில் சேர்ந்தது 1791 டிசம்பர். நம்ம சீமையில் அது பறிபோனது 1801 டிசம்பர். ஒன்று பிரிட்டிஷ் அரசை எதிர்த்து ஜெயித்த ஊர், மற்றது தோற்ற ஊர். இந்தப் பத்து வருஷ இடைவெளியைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் அதை வைத்து "நம்ம உரிமையைத் திருப்பிக் கொடு" என்று முழங்க எனக்கு மனசு வரவில்லை. நம் தலைவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தின் அடிப்படை உரிமைகளில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இருந்தது. 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அதை அரசியல் நிர்ணய சபையில் திருத்தமாகக் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, தொழில்முறைக் குற்றவாளிக்கும் அல்லவா அந்த உரிமை போய்ச்சேரும் என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது. நிற வேற்றுமை இல்லாத 1959 சட்டம் வந்தது, உரிமம் நின்றது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு மூன்று.

நான் அம்பேத்கர் பக்கம். எங்கள் மாவட்டத்தில் கோயில் மரியாதைக்கும், கண்மாய்த் தண்ணிக்கும், பஸ்ஸில் வந்த வாய்த்தகராறுக்கும் அரிவாள் எடுத்த கதைகளைக் கேட்டே வளர்ந்தவன். அரிவாளோடு வந்தவனிடமிருந்து ஓடித் தப்பியவர்கள் உண்டு. துப்பாக்கி அந்த இடைவெளியைக் கொடுக்காது. 1801-க்கு முன்னால் எல்லோர் கையிலும் ஆயுதம் இருந்தது என்று மேடையில் பேசுவதும் பாதி உண்மைதான். படைப்பற்று உள்ள சாதிகளிடம் இருந்தது. அவர்களுக்கு வரி கட்டிய குடியானவனிடமும், சேரியில் இருந்தவனிடமும் என்ன இருந்தது? 'வீரப் பரம்பரை' என்று போஸ்டர் அடிக்கிற தம்பிகளிடம் இதைக் கேட்டால் முகம் சுருங்குகிறது. கிளைவ் அறிக்கையின் நோக்கம் அயோக்கியத்தனம். அதன் விளைவில் ஒரு பங்கு நமக்கு நல்லதாகவே முடிந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

இழப்பு என்று நான் நினைப்பது துப்பாக்கியை அல்ல, வளரியை. நூறு கஜத்தில் குறி தப்பாத ஒரு கைப்பழக்கம், அதைக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார்கள், அதைச் செய்யத் தெரிந்த தச்சர்கள், கொல்லர்கள், எல்லாம் நூறு வருஷத்துக்குள் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டார்கள். 1909-ல் எட்கர் தர்ஸ்டன் எழுதும்போதே, சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பவை தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரி இரண்டும் மர வளரி ஒன்றும் என்று கணக்கெடுக்கிற நிலைமை.

பெரிய மருதுவின் பொழுதுபோக்கும் இன்று சாத்தியமில்லை, ஆகவும் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையை முடித்துவைத்தது. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். நத்தைகுத்தி நாரையும் வக்காவும் மிரண்டுவிடக் கூடாது என்று கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பக்கம் என் ஏர் ரைஃபிள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கவே கூச்சமாக இருக்கும்.

மிச்சம் இருப்பது காகித அட்டையும் களிமண் தட்டும்தான். அதில்கூட 1801-ன் நிழல் விழுகிறது. பறக்கும் தட்டைச் சுடும் டிராப் போட்டியில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அணித் தங்கம் வென்று, 2024 பாரிஸ் ஒலிம்பிக்குப் போன பிரித்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய திறமை அவருடையது, உழைத்து வந்தவர். ஆனாலும் எந்த வீடுகளில் துப்பாக்கி தொடர்ந்து இருந்ததோ அங்கே அந்த விளையாட்டுக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. 2022 ஜூலையில் நடிகர் அஜித் மாநிலப் போட்டிக்காகத் திருச்சி ரைஃபிள் கிளப்புக்கு வந்தபோது திரண்ட கூட்டத்தில் எத்தனை பேர் அதற்கு முன் ரைஃபிள் கிளப் என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? 1959 சட்டத்திலேயே, அங்கீகாரம் பெற்ற கிளப்பின் உறுப்பினர் குறிபார்த்துப் பழக பாயிண்ட் 22 ரைஃபிளுக்கு உரிமம் கேட்டால் தர வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது, 13-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. பொதுவாக யாரும் அதுவரை படிப்பதில்லை. துப்பாக்கி என்றாலே ஜமீன், மிராசு, பேங்க் காவல் என்று நினைத்துப் பழகிவிட்டோம்.

நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. முதலில் அறுபது குண்டை முழுசாகச் சுட்டு முடிக்க வேண்டும். சித்தப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். முதல் குண்டு அட்டையிலேயே படவில்லை. ஐந்தாவது எட்டில் விழுந்தது. "இன்னொரு டப்பா குண்டு வாங்கிக்கலாமா?" என்கிறார்.

வளரியின் எடை, வளைவு, அது திரும்பி வருமா வராதா என்ற பழைய சண்டை, இதெல்லாம் அடுத்த குறிப்பில்.