படமும் பாடபேதமும்

பழைய ஏட்டுச் சுவடிகளை அச்சேற்ற முனைந்தோர் எதிர்கொண்ட இடர் நூல் கிடையாமை மட்டுமன்று. கிடைத்த ஏடுகள் ஒன்றோடொன்று ஒவ்வாமையுமாகும். 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1894இற் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் பல பிரதிகளை அருகருகே வைத்து ஒப்புநோக்கியே தம் பாடத்தைத் துணிந்தனர். அவர்தம் உழைப்பைப் போற்றும் நாம், திரைப்படம் என்றதும் அக்கேள்வியை மறந்துவிடுகின்றோம். ஒருமுறை எடுக்கப்பட்ட படம் எங்கும் எப்போதும் ஒன்றே என்பது நமது எண்ணம். இவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தாதது என்பதை 'என்ரர் த ட்ராகன்' என்னும் படத்தின் வீட்டுத்திரை வெளியீடுகள் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சண்டைப்படம் பல்கலைக்கழக ஆய்வுக்குரிய பொருளோ என முகஞ்சுளிப்போர் உளர். மன்னார் உப்புக்குளத்தில் கலித்தொகையை அறியாத வீடுகள் பலவுண்டு. புரூஸ் லீயின் பெயரை அறியாத வீடு உண்டோ என்பது ஐயமே.

இப்படம் 1973ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஹொங்கொங்கிலே எடுக்கப்பட்டது. வோர்ணர் பிறதர்ஸ் நிறுவனமும் லீயின் பங்குடைய கொன்கோட் நிறுவனமும் இணைந்து தயாரிக்க, றொபேட் கிளௌஸ் நெறிப்படுத்தினார். படம் திரைக்கு வருமுன்னரே, 1973 யூலை 20ஆந் திகதி லீ காலமானார். இத்திகதி நமது ஆய்வுக்கு இன்றியமையாதது. படத்தின் எவ்வடிவத்தையும் 'இதுவே நான் கருதியது' என்று சொல்ல அவர் இருக்கவில்லை. நெறியாளர் அவரல்லரே என வினவலாம். ஆயினும் சண்டைகளை வகுத்தவரும், படத்தின் மெய்யியற் பகுதிகளிற் கருத்தூன்றியவரும் அவரே என்பதை எவரும் மறுப்பதில்லை.

அனைத்துலகத் திரைகளுக்குச் சென்ற ஆங்கில வடிவம் ஏறத்தாழ 99 நிமிடம் ஓடுவது. அதில் இல்லாத ஒரு காட்சி, ஷாவோலின் மடத்துத் தலைவரும் லீயும் உலாவியவாறு நிகழ்த்தும் உரையாடல், சீனமொழி வடிவில் இடம்பெற்றிருந்தது என்பர். ஆகவே 1973இலேயே மூலம் என ஒன்றன்று, இரண்டு இருந்தன. 1998இல், இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி வோர்ணர் வெளியிட்ட பதிப்பு அவ்வுரையாடலை ஆங்கிலத்திற் சேர்த்துக்கொண்டது. நேரம் 102 நிமிடமாயிற்று. மூன்று நிமிடந்தானே என்று கடந்துவிட முடியாது. பகைவன் காட்டுவன யாவும் பிம்பங்களும் மாயைகளுமே, பிம்பத்தை அழித்தாற் பகைவன் அழிவான் என்பது மடத்துத் தலைவரின் உபதேசம். படத்தின் இறுதியிற் கண்ணாடி அறையுள் அகப்பட்ட லீ, எதிரியின் மெய்யுருவையும் நிழலுருவையும் பிரித்தறியாது தடுமாறிப் பின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உடைக்கின்றான். 99 நிமிட வடிவிற் காண்போனுக்கு இது நெருக்கடியிற் பிறந்த ஒரு தந்திரம். 102 நிமிட வடிவிலோ, மாணாக்கன் ஆசானின் சொல்லை நினைவுகூர்ந்து நிறைவேற்றும் செயல். ஒரே காட்சி, ஒரே அடி, பொருள் வேறு.

இங்கே ஒரு சிக்கலுமுண்டு. அவ்வாங்கில உரையாடலில் நாம் கேட்பது லீயின் குரலன்று. அவர் இறந்து கால் நூற்றாண்டு கழிந்தபின் வேறொருவர் பேசிச் சேர்த்தது. சிதைந்த அடியைத் தம் ஊகத்தால் நிரப்பிய பதிப்பாசிரியர், அங்ஙனம் நிரப்பியமையை அடிக்குறிப்பிற் காட்டுவது முறை. படத்தில் அடிக்குறிப்பில்லை. வாயசைவு லீயுடையது, ஒலி பிறருடையது என்பதை அறியாமலே புதிய தலைமுறை அதனை மூலமெனக் கொள்ளுகின்றது. இதனை மோசடி என்று நான் கூறேன். ஆனால் 'மீட்டெடுப்பு' என்ற சொல்லை நாம் சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டும்.

சேர்த்தல் இவ்வாறாக, நீக்கலின் வரலாறு பிரித்தானியாவிற் காணப்படுகிறது. 1973இற் சில வெட்டுக்களோடு அங்கு அநுமதிக்கப்பட்ட படத்திலிருந்து, 1979இல் தணிக்கைச் சபையின் செயலாளர் ஜேம்ஸ் ஃபேர்மன் காலத்தில், நஞ்சாக்கு என்னும் சங்கிலித் தடி சுழற்றும் காட்சிகளும் அகற்றப்பட்டன. இளைஞர் அதனைப் பார்த்துச் செய்துகொண்டு தெருவில் இறங்குவர் என்ற அச்சமே காரணம். அந்த அச்சம் எதுவரை சென்றதெனில், 1991இல் வந்த நிஞ்ஜா ஆமைப் படமொன்றில் ஆமை இறைச்சிக் குழலின் கோவையை நஞ்சாக்குப் போலச் சுழற்றிய காட்சியும் வெட்டுக்கு இலக்காயிற்று! 'என்ரர் த ட்ராகன்' அத்தடிகளை மீளப்பெற்றது 2001இலேதான். ஆகவே இருபதாண்டுக்கு மேலாகப் பிரித்தானிய வீடுகளில் ஓடிய பிரதிகளில், இப்படத்தின் பெயரைச் சொன்னதும் பிறநாட்டார் மனத்தில் எழும் காட்சியே இருக்கவில்லை.

வெட்டாத நாட்டிலும் வெட்டு நிகழ்ந்தது, சட்டத்தாலன்றித் தொலைக்காட்சிப் பெட்டியின் வடிவத்தால். இப்படம் அகலத்திரைக்கென எடுக்கப்பட்டது. அகலம் உயரத்தின் இரண்டேகால் மடங்கிற்கும் மேல். பழைய பெட்டியின் அகலமோ உயரத்தின் ஒன்றேமூன்றிலொரு மடங்கு. பெட்டியை நிரப்பவேண்டி ஒளிநாடாவிற் பக்கங்களை ஒதுக்கியபோது சட்டகத்தின் ஐந்தில் இரு பங்குக்கு மேல் மறைந்தது. கண்ணாடி அறைக் காட்சியின் உயிரே பிம்பங்களின் பெருக்கம்; அவற்றுட் பல ஒளிநாடாவில் விளிம்புக்கப்பாற் போயின.

நேரக் கணக்கும் நம்மை ஏமாற்றவல்லது. திரையரங்கில் வினாடிக்கு 24 சட்டகமாக ஓடும் படம், இலங்கையிலும் பிரித்தானியாவிலும் வழங்கிய 'பால்' முறை ஒளிநாடாவில் 25 சட்டகமாக ஓடும். 99 நிமிடப் படம் 95 நிமிடத்தில் முடிந்துவிடும்; குரலும் சிறிது உயரும். கடிகாரத்தை மட்டும் பார்த்து 'நான்கு நிமிடம் வெட்டப்பட்டது' என முடிவு கட்டுவோன், ஏட்டின் நீளத்தை அளந்து பாட்டின் அளவைச் சொல்பவனை ஒப்பான்.

இனி நம்மூர்ப் பக்கம் திரும்புவோம். 1977இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1979இற் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1982இல் ரூபவாகினி வந்தது. வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் கொணர்ந்தனர். கடைகளில் 'படக் கொப்பி' வாடகைக்குக் கிடைத்தது. மூலநாடாவிலிருந்து பிரதி, அதிலிருந்து மறுபிரதி என ஒவ்வொரு படியிலும் நிறம் வெளிறி ஒலி கரகரத்தது. ஏடு பார்த்து ஏடெழுதியபோது நேர்ந்ததும் இதுவே. உப்புக்குளத்தில் ஐம்பதைக் கடந்தோர் சிலரிடம் இப்படத்தைப் பற்றி வினவினேன். படப்பெயரை ஒருவருஞ் சொல்லவில்லை; 'புரூஸ் லீ படம்' என்றே அனைவரும் குறித்தனர். இதில் வியப்பில்லை. 1971இல் வெளியான 'த பிக் பொஸ்' அமெரிக்காவில் 'ஃபிஸ்ற்ஸ் ஒஃப் ஃபியூரி' ஆயிற்று. அடுத்த ஆண்டின் 'ஃபிஸ்ற் ஒஃப் ஃபியூரி'யோ அங்கு 'த சைனீஸ் கொனெக்ஷன்' ஆயிற்று. நாடாக்களும் அப்பெயர்களையே தாங்கி வந்தன. முன்னதற்கு வாங் ஃபூ-லிங், பீற்றர் தோமஸ், ஜோசப் கூ என மூவர் வெவ்வேறு காலங்களில் இசையமைத்ததுமுண்டு. உறைமேல் எழுதிய பெயரைவிட முகத்தை நம்பிய ஊரார் அறிவுடையரே.

ஒரு பிரதியின் குறைகளே அதன் மரபைக் காட்டும் என்பது பதிப்பியல் நமக்குத் தந்த கொடை. நஞ்சாக்கு இல்லாத நாடா, இலண்டனிலுள்ள உறவினர்வழி வந்த கிளையைச் சேர்ந்தது எனக் கருத இடமுண்டு. அது முழுமையாக இருப்பின், வேறு வழியாக, ஒருகால் வளைகுடா வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ வந்திருக்கலாம். இங்ஙனம் நோக்குமிடத்து, வாடகைக் கடையின் கொப்பிகள் ஒரு கரையோர மக்களின் போக்குவரவுக்குச் சான்றாவணங்கள். அச்சான்று பெரும்பாலும் அழிந்தது. 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம்கள், உப்புக்குளத்தார் உட்பட, உடைமைகளை விட்டுப் புத்தளப் பக்கம் சென்றனர். உயிரும் நிலமும் வாழ்வும் இழந்த கதையில் ஒளிநாடாவைப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். எனினும் ஒரு வீட்டார் மாலையில் எதைக் கண்டு மகிழ்ந்தனர் என்பதும் அவ்வீட்டின் வரலாறேயன்றோ!

2020இல் அமெரிக்காவின் கிறைற்றீரியன் நிறுவனம் 99 நிமிட வடிவையும் 102 நிமிட வடிவையும் ஒருங்கே வெளியிட்டது. 2023இல் வோர்ணரின் ஐம்பதாம் ஆண்டு வெளியீடும் இரண்டையும் தந்தது. இது பதிப்பு நேர்மை, பாராட்டுக்குரியது. ஆனால் பக்கம் அறுந்து, நிறம் வெளிறி, விரைந்து ஓடிய நம்மவர் பாடம் எவ்விறுவட்டிலும் இல்லை. மன்னாரிலோ புத்தளத்திலோ எவர் வீட்டு அலுமாரியிலேனும் பூஞ்சணம் பிடித்த நாடா ஒன்று எஞ்சியிருப்பின், எறியுமுன் மூன்று இடங்களைப் பார்க்குமாறு வேண்டுகிறேன்: மடத்துத் தலைவர் பேசுகின்றாரா, லீயின் கையிற் சங்கிலித் தடி உண்டா, கண்ணாடி அறையில் எத்தனை பிம்பங்கள் தெரிகின்றன.