இருபது வெறுங்கால்கள்

மிடில்செக்ஸ் ரெஜிமெண்ட், முதல் நாள் ஒன்றுக்கு ஒன்று என்று மானத்தைக் காத்துக்கொண்டு, மறு ஆட்டத்தில் மூன்று கோல்களை வாங்கிக்கொண்டு பாசறைக்குத் திரும்பிய இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தை, அதாவது 1911 ஜூலை 29, சனிக்கிழமை மாலை கல்கத்தா மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டும் மோதிய அந்த மகா சம்பவத்தை, இந்த வாரம் சொல்வதாக வாக்களித்தும் இருந்தேன். செயிண்ட் சேவியர்ஸ், ரேஞ்சர்ஸ், ரைபிள் பிரிகேட் ஆகியவற்றை வரிசையாக வென்று மோகன் பகான்காரர்கள் மேலேறி வந்த விருத்தாந்தம் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியுமாதலால், நேரே மைதானத்துக்குப் போய்விடலாம்.

மைதானம் என்றா சொன்னேன்? ஜனசமுத்திரம் என்று சொல்ல வேண்டும். அஸ்ஸாமிலிருந்தும் பாட்னாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கிய வண்ணம் இருக்க, ரயில்வேக்காரர்கள் தனி வண்டி விட வேண்டியதாயிற்று. டிக்கெட்டுகள் அச்சடித்த விலையைப் போலப் பல மடங்குக்குக் கைமாறின. கூடியவர்கள் 60,000 பேர் என்பார் உண்டு, ஒரு லட்சம் என்பாரும் உண்டு. எதுவாயினும், அவர்களில் பந்தைக் கண்ணால் கண்டவர்கள் சொற்பம். மரத்தில் ஏறியவர்கள் பார்த்தார்கள். ஏற முடியாதவர்களுக்காக ஆகாயத்தில் காற்றாடி விட்டு, அதன் மூலம் கோல் கணக்கை அறிவித்தார்கள் என்பது செவிவழியாகவும் பத்திரிகை வழியாகவும் நமக்கு வந்து சேர்ந்திருக்கும் செய்தி.

ஆட்டக்காரர்கள் இறங்குகிறார்கள். கோலில் ஹிராலால் முகர்ஜி. பின்களத்தில் பூட்டி சுகுல், சுதீர் சாட்டர்ஜி. நடுவில் மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ் பட்டாசார்யா. முன்னணியில் கானு ராய், ஹபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், விஜயதாஸ் பாதுரி, அவர் தம்பியும் தலைவருமான சிவதாஸ் பாதுரி. இந்தப் பதினொருவரில் பத்துப் பேருக்குக் காலில் ஒன்றுமில்லை. பந்து உருளுமுன் அந்த இருபது வெறுங்கால்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குலசேகரன்பட்டினத்தில், முத்தாரம்மன் கோவிலுக்குக் கிழக்கே, வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரையில் பந்தாடும் பையன்களைச் சற்று நின்று கவனித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். உப்பளத்திலும் வள்ளத்தடியிலும் நடந்து நடந்து காய்த்துப்போன அந்தப் பாதம், ஓடி வரும் பந்தை நிறுத்தும்போது விரல் ஐந்தையும் உள்ளே மடக்கி, பந்தைக் குழியில் வாங்குவது போல வாங்கி, நிறுத்திய அதே நொடியில் திசை மாற்றி விடுகிறது. உதைப்பது பெருவிரலாலன்று, விரலால் உதைத்தவன் அன்றிரவே நகம் பெயர்ந்து நொண்டுவான். புறங்கால் எலும்பில் பந்தை ஏந்தி, கணுக்காலை இறுக்கித் தள்ளுகிறார்கள். பந்தோடு தோல் நேரே தொட்டுக்கொண்டிருப்பதால், பூட்ஸ்காரன் பார்த்து அறிய வேண்டியதை இவன் பார்க்காமலே அறிகிறான். அக்காலத்துப் பந்து, தோல் துண்டுகளைத் தைத்து வாயை நாடாவால் கட்டியது. காய்ந்த தரையில் அதை வெறுங்காலால் ஆட்டிவைக்கலாம். மழை பெய்து தரை சேறாகி, பந்து தண்ணீர் குடித்து இரண்டு பங்கு கனத்துவிட்டால், வெறுங்காலன் வழுக்குவான், பூட்ஸ்காரன் நிற்பான். கல்கத்தாவில் ஜூலை மாதம் எப்படியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படியிருக்க, பதினோராமவரான சுதீர் சாட்டர்ஜி மட்டும் பூட்ஸ் அணிந்திருந்தார். பவானிபூரில் லண்டன் மிஷன் கல்லூரியில் உபாத்தியாயராயிருந்து, பிற்காலத்தில் பாதிரியாராகவும் ஆன இவரைப் பற்றி எழுதுகிறவர்கள், கிறிஸ்தவராதலால் பூட்ஸ் அணிந்தார் என்று ஒரு வரியில் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் ருசிக்கவில்லை. பக்கத்து மணப்பாட்டில் நானூறு வருஷத்துக் கிறிஸ்தவம் இருக்கிறது; அந்த ஊர்க் கடற்கரையில் பூட்ஸைக் காண வேண்டுமானால் தேடத்தான் வேண்டும். பின்களத்தில் நிற்கிறவன் பாய்ந்து வரும் சிப்பாய்களின் பூட்ஸுக்குத் தன் எலும்பைக் கொடுக்கிறவன் என்பதால் அணிந்தார் என்று வைத்துக்கொண்டாலோ, மறுபக்கத்தில் அதே வேலையைச் செய்த சுகுல் வெறுங்காலோடு நின்றாரே! ஒருவேளை மிஷன் கல்லூரிச் சூழ்நிலையில் பூட்ஸோடு ஆடிப் பழகியவருக்கு அதுவே சொந்தக் காலாகிவிட்டது என்பதுதான் உண்மையாயிருக்கலாம். எப்படியானாலும், ஜபமும் பாடமும் சொல்லிக் கொடுக்கிற ஒரு மனிதர், வெள்ளைக்காரச் சோல்ஜர்களைத் தோளோடு தோள் இடித்துத் தடுத்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் மறுபடி வகுப்புக்குப் போய் நின்றிருப்பார் என்பதை நினைக்கையில், சிவதாஸைக் காட்டிலும் இவர் மேலேயே எனக்கு வாஞ்சை அதிகமாகிறது.

வெறுங்கால் விவகாரம் 1911-ஓடு முடியவில்லை. முடிந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் நிற்க மாட்டேன். 1948 ஜூலை 31-ஆம் தேதி லண்டன் ஒலிம்பிக்கில், சுதந்திரம் பெற்று ஒரு வருஷங்கூட நிறையாத தேசத்தின் அணி, இல்ஃபோர்டில் பிரான்ஸை எதிர்த்து இறங்கியபோதும் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை. தலைவர் தாலிமெரன் ஆவோ, நாகா மலையிலிருந்து வைத்தியம் படிக்கக் கல்கத்தாவுக்கு வந்து மோகன் பகானில் ஆடிய இளைஞர். படிப்பா பந்தா என்ற கேள்வி வந்தபோது இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு, டாக்டராகித் தம் மலைக்கே திரும்பிப் போய்த் தம் ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தவர். இவரைப் பற்றித் தனியாக ஒரு தொடரே எழுதலாம். அந்த ஆட்டத்தில் பிரான்ஸ் முதல் கோல் போட, 70-ஆம் நிமிஷத்தில் அதைச் சமன் செய்தவர் சாரங்கபாணி ராமன். பெயரைக் கேட்டதுமே நம் தென்பக்கத்து மனிதர் என்று புரிந்துகொள்ளலாம். சுதந்திர இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் அடித்த முதல் கோல் அது. இந்த ஒரு பெயரை நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? கிடைத்த பெனால்டி வாய்ப்புகள் இரண்டையும் தவறவிட்டு, கடைசி நிமிஷங்களில் ஒரு கோல் வாங்கி, இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். தவறவிட்ட இருவரில் ஒருவர் சைலேன் மன்னா. 1942 முதல் ஏறக்குறைய இருபது வருஷம் மோகன் பகானின் சட்டையை மட்டுமே அணிந்த அந்த உத்தமர் மீது இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்று வருஷங் கழித்து, 1951-இல் டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில், மேவாலால் அடித்த ஒற்றைக் கோலில் ஈரானை வென்று தங்கம் பெற்றபோது, வெறுங்காலே நம் வேதம் என்று முழங்கியவர்களின் குரல் உச்சத்துக்குப் போயிற்று. அடுத்த வருஷமே ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியா பத்துக்கு ஒன்று என்று அடித்து நொறுக்க, அந்தக் குரல் அடங்கிற்று; சம்மேளனத்தார் பூட்ஸைக் கட்டாயமாக்கினார்கள். ரஹீம் என்னும் ஹைதராபாத் ஆசானிடம் பயின்று, பூட்ஸோடு 1956-இல் மெல்பர்ன் போன இந்தியர்கள், நெவில் டிசூசாவின் மூன்று கோல்களால் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே வென்று நாலாம் இடம் பெற்றார்கள். ஆகையால், வெறுங்காலைத் தெய்வமாக்குகிற கட்சியில் நான் இல்லை. இல்லாமையைப் பெருமையாகப் பேசுவது நமக்கு வெகுநாளாகவே உள்ள ஒரு பலவீனம். 1911-ஆம் வருஷத்துப் பத்துப் பேரும் காலில் ஒன்றுமில்லாததால் ஜெயித்தவர்களல்லர், ஒன்றுமில்லாதிருந்தும் ஜெயித்தவர்கள்.

வங்காளி சரீர பலமற்றவன், கோழை என்று மெக்காலே பிரபு எழுதிவைத்துவிட்டுப் போனது 1841-இல். இந்தத் தொடரில் எனக்கு வில்லன் என்று ஒருவர் உண்டென்றால் அது ஈஸ்ட் யார்க்‌ஷயர் சிப்பாய்களல்லர், இந்த மகானுபாவர்தான். எழுபது வருஷ காலம் பள்ளிப் பையன்கள் அவருடைய நடையைப் பார்த்து எழுதப் பழகினார்கள். அவருடைய தூஷணையையும் சேர்த்தே விழுங்கினார்கள். 1892-இல் ஷோபாபஜார் அணி ஈஸ்ட் சர்ரே ரெஜிமெண்டை டிரேட்ஸ் கோப்பையில் வென்றபோதே முதல் பதில் கிடைத்துவிட்டது. அது ஒரே ஓர் ஆட்டம். 1911-இல் கிடைத்ததோ ஒரு கேடயம்.

அதே 1911-இல் நம் ஜில்லா எப்படியிருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தானும் மடிந்தான். அதன் பிறகு ஆறு வாரத்தில் இங்கே வீடு வீடாகச் சோதனை, கைது, வழக்கு. சிதம்பரம் பிள்ளை சிறையில். அவருடைய சுதேசிக் கப்பல் கம்பெனியும் அந்த வருஷத்தோடு முடிந்தது. கட்டணத்தைக் குறைத்தும், பிரயாணிகளை இலவசமாக ஏற்றியும், போதாததற்குச் சட்டம், கோர்ட்டு, சிறை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டும் வெள்ளைக்காரர் அந்தக் கப்பலை மூழ்கடித்தார்கள். பந்து மைதானத்தில் மட்டும் இந்த வித்தை செல்லவில்லை. பதினொருவருக்கு மேல் பன்னிரண்டாவது சிப்பாயை இறக்க சர்க்காராலும் முடியாது. தாங்களே வகுத்துத் தாங்களே கற்றுக் கொடுத்த விதிக்கு, அந்த ஒரு மாலைப்பொழுதாவது, தாங்களும் கட்டுப்பட்டாக வேண்டியிருந்தது. மோகன் பகானின் வெற்றியில் எனக்குப் பெரிதாகப்படுவது இதுதான்; பிற்காலத்தார் அதைச் சுதந்திர யுத்தமாகவே சித்திரித்து எழுதுவதை நான் அவ்வளவாக ஒப்புவதில்லை. 1889 ஆகஸ்ட் 15-இல் இந்தக் கிளப்பை ஸ்தாபித்தவர்கள் படித்த, ஒழுங்கான, ராஜபக்தி குறையாத கனவான்கள். முதல் தலைவர் பூபேந்திரநாத் பாசு, 1914-இல் சென்னையில் கூடிய காங்கிரஸுக்கு அக்கிராசனம் வகித்த அதே மிதவாதி.

பக்கம் தீர்ந்துகொண்டிருக்கிறது, ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். முற்பாதியில் கோல் இல்லை. பிற்பாதியில் ஜாக்ஸன் என்னும் சோல்ஜர் அடித்த ஃப்ரீ கிக் வலைக்குள் போயிற்று, மைதானம் மௌனமாயிற்று. சில நிமிஷங்களிலேயே சிவதாஸ் சமன் செய்தார். கால்நடை இலாகாவில் இன்ஸ்பெக்டர் உத்தியோகம் பார்த்த இந்த ஒல்லி மனிதரை யார்க்‌ஷயர்காரர்கள் இருவரும் மூவருமாகச் சூழ்ந்துகொண்டு நெருக்க, ஆட்டம் முடியச் சில நிமிஷமே இருக்கையில், அத்தனை பேரையும் தம்மிடம் இழுத்துவிட்டு அவர் தள்ளிக் கொடுத்த பந்தை அபிலாஷ் கோஷ் உள்ளே செலுத்தினார். இரண்டுக்கு ஒன்று. கேடயம் முதல் முறையாக இந்தியர் கைக்கு வந்தது.

இதை எழுதும்போதெல்லாம், எழுபது வருஷங் கழித்து, 1981 மே 13-இல் ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப் நகரில் நடந்த வேறோர் ஆட்டம் என் முன்னே வந்து நிற்கிறது. மாஸ்கோவுக்குக் கட்டுப்பட்டிருந்த ஜார்ஜியா என்னும் சிறு தேசத்தின் டினமோ திபிலிஸி கிளப், ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் யேனா அணியிடம் பிற்பாதியில் ஒரு கோல் வாங்கிற்று. நாலே நிமிஷத்தில் குட்ஸாயெவ் சமன் செய்தார். முடிவுக்குச் சற்று முன் தராஸெலியா வெற்றிக் கோலை அடித்தார். இரண்டுக்கு ஒன்று; கோல்கள் விழுந்த வரிசையும் அதுவே. இரண்டு வருஷம் முன்னதாக லிவர்பூலையே தங்கள் ஊருக்கு வரவழைத்து மூன்று கோல் அடித்து அனுப்பியவர்கள் அவர்கள். சோவியத் சாம்பியன் பட்டத்தையும் 1964, 1978 என்று இருமுறை வென்றவர்கள். தராஸெலியா அதற்கடுத்த வருஷமே கார் விபத்தில், இருபத்தைந்து வயதில் மாண்டுபோனார். பத்து வருஷத்தில் ஜார்ஜியா சுதந்திரம் அடைந்தது. நமக்கு முப்பத்தாறு வருஷம் ஆயிற்று.

அந்த முப்பத்தாறைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கேடயத்தோடு திரும்பும் வழியில், வில்லியம் கோட்டைமேல் பறந்த கொடியைக் காட்டி, அது எப்போது இறங்கும் என்று ஒரு முதியவர் கேட்டாராம். அடுத்த முறை இந்தக் கேடயத்தை நாம் வெல்லும்போது என்று ஆட்டக்காரர்களில் ஒருவர் பதில் சொன்னாராம். இது பின்னால் யாரோ ஜோடித்தது என்றே என் அபிப்பிராயம். ஆனால் மோகன் பகான் அந்தக் கேடயத்தை மறுபடி வென்றது 1947-இல் என்பதோ பதிவேட்டில் உள்ள உண்மை.

கேடயம் கைமாறிய அதே வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி, டில்லி தர்பாரில், ஜார்ஜ் சக்கரவர்த்தி வங்கப் பிரிவினையை ரத்துச் செய்துவிட்டு, ராஜதானியையும் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றினார். பதினொருவரில் பலர் அந்தப் பிரிவினையால் வேறாக்கப்பட்ட கிழக்கு வங்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கேடயத்துக்கும் தர்பாருக்கும் சம்பந்தம் உண்டென்று சொல்பவர்களின் வாதத்தையும், அதை நான் ஏன் நம்புவதில்லை என்பதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)